திரும்பிவராத கட்டு: வன்னியில் பத்திரிகை வெளியீட்டாளர் ஒருவர் அறக்கட்டளைத் தலைவரான நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றியது

வட இலங்கையின் வன்னிப் பகுதியில், கிளிநொச்சி மாவட்டத்தில் வாரப்பத்திரிகை நடத்திய ஒருவர், அதே அச்சக மேசையிலிருந்து ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். பின்னர் பத்திரிகையை விட்டு அதற்கே முழுநேரத் தலைவரானார். 2012 முதல் 2024 வரை நடந்தவை இங்கே பதியப்படுகின்றன. ஆட்களின் பெயர்களும், அவர்களைக் காட்டிக்கொடுக்கும் ஊர்ப் பெயர்களும் விடப்பட்டுள்ளன. வெளிநாட்டு உறவுகளின் காசில் இயங்கும் சிறு அறக்கட்டளைகளை நடத்துவோரையும் அவற்றின் கணக்கைப் பார்ப்போரையும் மனதில் வைத்து எழுதப்பட்டது இது.

வெளியீட்டாளர் அறக்கட்டளைக்குப் போவது உலகத்துக்குப் புதிதல்ல. அமெரிக்காவின் மயாமி ஹெரால்ட் நாளிதழின் வெளியீட்டாளராக இருந்த அல்பேர்ட்டோ இபார்குவென் 2005இல் நைட் அறக்கட்டளையின் தலைவரானார். 2024 தொடக்கத்தில் அவருக்குப் பின் வந்த மரிபெல் பெரெஸ் வாட்ஸ்வேர்த்தும் யூஎஸ்ஏ டுடே நாளிதழின் வெளியீட்டாளராக இருந்தவர்தான். ஆனால் 1950இல் பத்திரிகை முதலாளிகளான இரு சகோதரர்கள் நிறுவிய அந்த அறக்கட்டளை பெரிய மூலதனத்தின் வருவாயில் ஓடுவது. அமெரிக்கச் சட்டப்படி அத்தகைய தனியார் அறக்கட்டளை ஆண்டுதோறும் தன் சொத்தில் ஏறத்தாழ 5 வீதத்தைச் செலவிட்டாக வேண்டும். இங்கே பேசப்படும் அறக்கட்டளைக்கு மூலதனம் என்று எதுவும் இருக்கவில்லை. மாதம் வந்தது அந்த மாதமே போனது. ஒப்பிட விரும்புபவர் இந்த வேறுபாட்டைக் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

## பின்னணி: கட்டும் திரும்பலும்

வெளியீட்டாளர் யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றின் விநியோகப் பகுதியில் தொழில் பழகியவர். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வன்னிக்கு வந்தார். 2009இல் போரில் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிக்குளம் முகாமில் இருந்தார். 2010இல் கிளிநொச்சியில் மீளக் குடியேறினார். அவர் எழுத்தாளர் அல்லர். எத்தனை போனது, எத்தனை திரும்பியது, யாரிடம் காசு நிற்கிறது என்பதுதான் அவருக்குப் பத்திரிகை. பின்னால் நடந்த நல்லதுக்கும் கெட்டதுக்கும் இந்தப் பழக்கமே வேர்.

2011இல் பழைய ஒற்றை வர்ண ஓப்செற் இயந்திரம் ஒன்றுடன் அச்சகம் தொடங்கியது. பற்றுச்சீட்டுப் புத்தகம், கலியாண அழைப்பிதழ், பாடசாலைத் தவணைப் பரீட்சைத் தாள் ஆகியவையே முதல் வேலைகள். அடுத்த ஆண்டு, தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பதிந்து, வாரப்பத்திரிகை வந்தது. 12 பக்கம் என்றால் ஒரு பிரதிக்கு டெமி அளவுத் தாள் மூன்று, அச்சுத் தகடு (பிளேட்) ஆறு. 1,500 பிரதிக்கு 4,500 தாள், அதாவது 9 றீம். மை ஓட்டம் சீராகும்வரை கழியும் தாளுக்கு இன்னொரு அரை றீம். வியாழன் இரவு அச்சு, வெள்ளி விடிய கட்டு. மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு, பூநகரிப் பக்கங்களுக்கு முதல் பஸ்ஸில் நடத்துநர் கையில் கட்டு போகும். சந்திக் கடையில் முகவர் எடுத்துக்கொள்வார்.

விற்காத பிரதியை முழுதாகத் திருப்பினால் பஸ் கூலிக்குக் கட்டாது. முகவர் முகப்புத் தலைப்பை மட்டும் வெட்டி அனுப்புவார். அந்தத் துண்டுகளை எண்ணி ஒரு கொப்பியில் ஏற்றுவது திங்கட்கிழமை வேலை. 20இல் 3க்கு மேல் இரண்டு கிழமை தொடர்ந்து திரும்பினால் அந்தக் கடையின் கட்டு குறையும். ஒன்றுமே திரும்பவில்லையென்றால் அதுவும் கவலைதான். கூடுதலாகக் கேட்டவர் யாரோ வெறுங்கையுடன் போயிருக்கிறார் என்று அர்த்தம்.

விற்பனைக் காசு தாளுக்கும் மைக்கும் சரியாகிவிடும். சம்பளம் மரண அறிவித்தலிலிருந்து வந்தது. இலங்கைத் தமிழ் மரண அறிவித்தலைப் படித்தவருக்கு அதன் அமைப்புத் தெரியும்: பிறந்த இடம், வாழ்ந்த இடம், பிள்ளைகள், மருமக்கள், பெறாமக்கள், ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் கனடா, சுவிஸ், லண்டன், பிரான்ஸ். மரண அறிவித்தல், 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டு நினைவு என்று ஒரே வீட்டிலிருந்து மூன்று தடவை விளம்பரம் வரும். காசு கட்டுபவர் பெரும்பாலும் வெளிநாட்டுப் பிள்ளை. இப்படி நாலைந்து ஆண்டுகளில் எந்தக் கிராமத்துக் குடும்பத்தின் யார் எந்த நாட்டில் என்பது அவருடைய விளம்பரப் பதிவேட்டில் தானாகவே சேர்ந்துவிட்டது. எந்தத் தொண்டு நிறுவனத்திடமும் அப்படியொரு பட்டியல் இருந்திருக்காது.

## 2014–2017: நினைவஞ்சலிக் காசு

முதல் கோரிக்கை அவரிடமிருந்து வரவில்லை, விளம்பரம் கொடுத்தவரிடமிருந்து வந்தது. முழுப்பக்க ஆண்டு நினைவுக்குப் பதிலாகக் கால் பக்கம் போட்டு, மிச்சக் காசில் ஏதாவது ஏழைப் பிள்ளைக்குக் கொப்பி வாங்கிக் கொடுக்கச் சொன்னார்கள். நினைவு நாளில் சிறுவர் இல்லத்துக்கு மதிய உணவு கொடுப்பது இங்கே ஊன்றிய வழக்கம், ஆகவே இதில் யாருக்கும் உறுத்தல் இருக்கவில்லை. 2016 அளவில் கொப்பி சைக்கிளாகி, சைக்கிள் மாதாந்தக் கொடுப்பனவாகி, பத்திரிகைக் கணக்கின் ஊடாகவே காசு ஓடியது.

இக்காலத்தில் நான்கு விடயங்கள் பிழையாகப் போயின.

முதலாவது படம். தரம் 11 மாணவி ஒருத்திக்குச் சைக்கிள் கொடுத்த படம், தகப்பன் இறந்த விதத்தைச் சொல்லும் ஒரு வரியுடன் முன்பக்கத்தில் வந்தது. பத்திரிகைக்காரனுக்கு அது செய்தி. பிள்ளை இரண்டு கிழமை பள்ளிக்கூடம் போகவில்லை. சைக்கிளைத் திருப்பி எடுக்கும்படி அம்மம்மா அச்சகத்துக்கு வந்து கேட்டார்.

இரண்டாவது வங்கிப் புத்தகம். காசு வேறு வழியில் செலவாகக் கூடாது என்று பிள்ளைகளின் பெயரில் சிறுவர் சேமிப்புக் கணக்கு திறக்கப்பட்டது. அவ்வகைக் கணக்கில் 18 வயதுவரை காசு எடுப்பது கடினம். கணக்கில் காசு ஏறிக்கொண்டிருக்க, பிள்ளை பஸ் பருவச்சீட்டுக்கு வழியில்லாமல் நின்றது. எட்டு மாதம் கழித்துத்தான் இது தெரியவந்தது. பின்னர் தாய் அல்லது பாதுகாவலரின் கணக்குக்கு மாற்றினார்கள். அதில் தவறு நடக்கலாம்தான், ஆனால் தேவைக்கு உதவாத பாதுகாப்பால் பிள்ளைக்கு என்ன பலன்.

மூன்றாவது மாடு. கணவரை இழந்த பெண்கள் சிலருக்கு நல்லின மாடு வாங்கிக் கொடுக்கப்பட்டது. கொடுத்தது ஐப்பசியில், ஏனென்றால் காசு அப்போதுதான் வந்தது. காலபோக (மாரிகால நெல்) விதைப்பு தொடங்கிவிட்டால் வன்னியில் மாடு அவிழ்த்துவிட இடமில்லை. வயலுக்குள் இறங்கினால் பிடித்துக் கட்டுவார்கள், தண்டம் கட்ட வேண்டும். மேய்ச்சல் தரை பல கிராமங்களில் காடாகவோ வேறொருவர் கையிலோ இருந்தது. நல்லின மாட்டுக்குப் புல்லும் தவிடும் தண்ணீரும் நிழலும் இருந்த இடத்தில் கொடுக்க வேண்டும், ஊர் மாடுபோல் அலைந்து மேயாது. பால் சேகரிக்கும் நிலையம் எட்டாத தூரத்தில் இருந்த வீடுகளுக்குக் கறந்ததை விற்கவும் வழியில்லை. பெரும்பாலான மாடுகள் அறுவடைக்கு முன்பே கைமாறின. இதைப் பயனாளிகளின் நேர்மையீனம் என்று அப்போது எழுதிவைத்தார்கள். பிழை கொடுத்தவருடைய நாட்காட்டியில் இருந்தது.

நான்காவது உடனே கண்ணுக்குப் படவில்லை. அதற்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது.

## 2018: பதிவும் வரைபடமும்

காசு பெருகியதும் வங்கி கேள்வி கேட்டது. வாரப்பத்திரிகையின் நடைமுறைக் கணக்குக்கு ஏன் இத்தனை நாடுகளிலிருந்து பணம் என்பது நியாயமான கேள்வி. மூன்று வழிகள் பார்க்கப்பட்டன. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தன்னார்வச் சமூக சேவை நிறுவனமாகப் பதிவது ஒன்று. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி அமைப்பது இன்னொன்று. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நொத்தாரிசு முன் தரும நம்பிக்கை உறுதி எழுதுவது மூன்றாவது. கம்பனி வழி செயலாளர், ஆண்டறிக்கை என்று தொடர்செலவு வைக்கும். நம்பிக்கை உறுதியையே தெரிந்தெடுத்தார்கள். உறுதியில் நோக்கத்தை அகலமாக எழுதும் ஆசை வரும். இங்கே கல்வி, குடிநீர், அனர்த்த உதவி என்ற மூன்றோடு நிறுத்தினார்கள், அது பின்னர் பல தடவை அவர்களைக் காப்பாற்றியது.

அச்சகக் கட்டடத்தையும் அறக்கட்டளைக்கு எழுதிவிட வெளியீட்டாளர் விரும்பினார். முடியவில்லை. அது 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் முன்னனுமதி இல்லாமல் கைமாற்ற இயலாது, பின்னுரித்தாளரும் ஏற்கெனவே பெயரிடப்பட்டிருந்தார். வன்னியில் அறக்கட்டளை தொடங்குபவர்கள் கட்டடத்தைப் பற்றிக் கதைக்கும் முன் காணி எந்த வகை என்று பார்ப்பது நல்லது.

நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் ஐவர்: வெளியீட்டாளர், ஓய்வுபெற்ற அதிபர், மருத்துவமனைத் தாதி, கூட்டுறவுச் சங்கக் கணக்காளர், விவசாயப் போதனாசிரியர். காசோலைக்கு இரு ஒப்பம், அதில் ஒன்று கணக்காளருடையது. முதல் கூட்டத்திலேயே கணக்காளர் ஒரு வேலை செய்தார். அதுவரை உதவி பெற்ற வீடுகளை மாவட்ட வரைபடத்தில் புள்ளியிட்டார், பத்திரிகையின் முகவர் கடைகளை வேறு நிறத்தில் குத்தினார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன.

காரணம் விளங்கிக்கொள்ள எளிது. பயனாளியைச் சொன்னவர்கள் முகவர்கள். முகவருக்குத் தன் சந்தியைச் சுற்றியுள்ள குடும்பங்கள் நன்றாகத் தெரியும், கிராம அலுவலரின் பட்டியலைவிடவும் நுணுக்கமாகத் தெரியும். ஆனால் முகவர் இருந்தது பஸ் போன இடத்தில். ஏ9 வீதி, பரந்தன் – முல்லைத்தீவு வீதி, மாங்குளம் – முல்லைத்தீவு வீதி ஆகியவற்றின் ஓரங்கள் நிரம்பியிருந்தன. துணுக்காய்க்கு உள்ளே குளக்கட்டோடு கிடக்கும் குடியேற்றங்களும் கொக்கிளாய்ப் பக்கத்துக் கரையோரமும் வெறுமையாக இருந்தன. பத்திரிகை போகாத ஊரில் வறுமை இல்லை என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் வரைபடம் அப்படித்தான் சொன்னது.

எடுத்த முடிவு: முகவர் சொல்லலாம், தேர்வு செய்யக்கூடாது. ஒவ்வொரு பெயருக்கும் பாடசாலை அதிபர், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம், கிராம அலுவலர் ஆகிய மூவரில் இருவரின் எழுத்து. புதிய இடங்களில் பாதி, வீதியிலிருந்து 5 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளே இருக்கும் கிராமங்களுக்கு. படம் முற்றாக நிறுத்தப்பட்டது. கொடையாளிக்குப் படத்துக்குப் பதில் வங்கி வைப்புச் சீட்டின் பிரதியும், தவணை முடிவில் பிள்ளையின் வரவு நாட்களும் போயின. இதை ஏற்காமல் விலகியவர்கள் இருந்தார்கள். அந்த ஆண்டு வரவு குறைந்தது. அடுத்த ஆண்டு வேறு ஆட்களிடமிருந்து ஈடாகியது.

இன்னொரு முடிவைத் தனியே சொல்ல வேண்டும். உயர்தர மாணவருக்கு மாதம் 5,000 ரூபா என்றால் 24 மாதத்துக்கு 120,000. அந்தத் தொகை முழுவதும் நிலையான வைப்பில் வந்து விழுந்த பிறகே மாணவரின் பெயர் ஏற்கப்படும். மாதாமாதம் அனுப்புகிறேன் என்ற வாக்கை நம்பி ஏற்பதில்லை. வெளிநாட்டில் வேலை போனால், வீட்டில் சண்டை வந்தால், முதலில் நிற்பது இந்தக் காசுதான். நடுவில் நின்றுபோன உதவி, கிடைக்காத உதவியைவிடப் பிள்ளையைக் கூடுதலாக உடைக்கிறது என்பது அதிபரின் வாதம், அதற்கு எதிர்ப்பேச்சு இருக்கவில்லை.

அந்த மார்கழியில் வெள்ளம். இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டு கிளிநொச்சி, முல்லைத்தீவு இரண்டும் பாதிக்கப்பட்டன. பத்திரிகைக்காரரின் வேகம் இங்கே கைகொடுத்தது. கட்டு போகும் அதே வழியில் இரண்டாம் நாளே சமையல் பாத்திரமும் பாயும் போயின. சில வீடுகளுக்கு இரண்டு மூன்று தடவை போனது என்பதும் உண்மை.

## 2018–2020: இரண்டு நாற்காலி

ஏறத்தாழ பதினெட்டு மாதம் அவர் பத்திரிகைக்கும் அறக்கட்டளைக்கும் ஒருசேரத் தலைவர். வெளிப்படையான மோசடி எதுவும் நடக்கவில்லை. நடந்தவை சின்னச் சின்னவை.

கிணறு கட்டும் ஒப்பந்தகாரர் பத்திரிகையில் பொங்கல் வாழ்த்து விளம்பரம் போடத் தொடங்கினார். அதற்கு முன் அவர் ஒருபோதும் போட்டதில்லை. பிரதேச செயலகம் ஒன்றின் தாமதத்தைப் பற்றி நிருபர் எழுதிய செய்தி இரண்டு வாரம் மேசையிலேயே கிடந்தது. அதே செயலகத்தில் அறக்கட்டளையின் விண்ணப்பமும் கிடந்தது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. நிருபரே புரிந்துகொண்டு பேசாமல் இருந்தார், கவலைக்குரியது அதுதான். மரண அறிவித்தல் கொடுக்க வந்த வீட்டாரிடம் அலுவலகப் பையன் அறக்கட்டளைத் துண்டறிக்கையையும் சேர்த்து நீட்டினான். செத்தவீட்டுக் கலக்கத்தில் நிற்பவரிடம் நன்கொடை கேட்பது எவ்வளவு அசிங்கம் என்பதைத் தாதிதான் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார்.

முடிவு மூன்று பகுதி. விளம்பரப் பதிவேட்டிலிருந்து அறக்கட்டளைக்கு யாருடைய தொடர்பும் எடுக்கப்படாது, தானாக வருபவர் வரலாம். பத்திரிகைக்கு விளம்பரம் தந்தவர் 12 மாதம் அறக்கட்டளை வேலைக்கு விலைமனு கொடுக்க முடியாது. வெளியீட்டாளர் ஒரு நாற்காலியை விட வேண்டும்.

இரண்டாவது விதி காகிதத்தில் அழகாக இருந்தது. கிளிநொச்சியில் கிணறு கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? விதியால் ஒதுக்கப்பட்டவர் போக மிஞ்சிய ஒருவர் விலையை உயர்த்தினார். ஆறு மாதத்தில் விதி மாறியது: யாரும் விலைமனு கொடுக்கலாம், உறையைக் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஊரார் முன் திறக்க வேண்டும். சிறிய ஊரில் நலமுரண்பாட்டை ஒழிக்க முடியாது, வெளிச்சத்தில் வைக்கலாம் என்பதே இதை எழுதும் எங்கள் கருத்தும்.

2019 முடிவில் பத்திரிகையை ஆசிரியரிடமும் அச்சுக்கோப்பாளரிடமும் ஒப்படைத்தார். இயந்திரத்துக்கு வாடகை மட்டும். 2020 மார்ச் ஊரடங்கில் பஸ் நின்றது, கட்டும் நின்றது.

## 2022: தாள், டொலர், ஒரு மறுப்பு

2021 பிற்பகுதியிலிருந்து 2022 மார்ச் தொடக்கம்வரை வங்கி ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவே தந்தது. வங்கிக்கு வெளியே, ஆள் மூலம் காசு மாற்றும் உண்டியல் முறையில் அதைவிட நன்றாகக் கூடுதலாகக் கிடைத்தது. அதே காசுக்கு இன்னும் பல பிள்ளைகளைப் பார்க்கலாமே என்று கொடையாளிகள் கேட்டது புரிந்துகொள்ளக்கூடியது. பொறுப்பாளர்கள் மறுத்தார்கள். உண்டியலில் வந்த காசுக்கு வரவுச் சீட்டு எழுத முடியாது. எழுதாவிட்டால் கணக்காய்வு இல்லை, எழுதினால் பொய். மார்ச்சில் நாணய மாற்று விலை தளர்த்தப்பட்டதும் அந்த இடைவெளி சுருங்கியது. காத்திருந்த சில மாதத்தில் புதிய மாணவர் எவரும் எடுக்கப்படவில்லை, அந்த விலையைக் கொடுத்தது மாணவர்கள்தான்.

அதே மாதம் தாள் தட்டுப்பாடு. கொழும்பிலேயே பெரிய நிறுவனம் ஒன்று சனிக்கிழமை அச்சை நிறுத்திய காலம் அது. வாரப்பத்திரிகை எட்டுப் பக்கமாகி, நாலாகி, வைகாசியில் நின்றது. ஆசிரியர் அறக்கட்டளையிடம் ஆறு மாதத் தாள் செலவு கேட்டு எழுதினார். கோரிக்கை அவமதிக்கத்தக்கதல்ல. நைட் அறக்கட்டளை போன்றவை பத்திரிகைத் தொழிலுக்குக் காசு கொடுப்பதையே முக்கிய வேலையாகச் செய்கின்றன. 2023இல் உள்ளூர்ச் செய்திக்கென்று அமெரிக்க அறக்கட்டளைகள் பல சேர்ந்து ஐந்து ஆண்டுக்கு 50 கோடி டொலருக்கு மேல் அறிவித்தன.

இங்கே நான்குக்கு ஒன்று என்ற வாக்கில் மறுக்கப்பட்டது. ஆதரவாக வாக்களித்தவர் விவசாயப் போதனாசிரியர். வெளியீட்டாளர் எதிராக வாக்களித்தார், தன் பழைய பத்திரிகைக்கு. சொன்ன காரணங்கள் இரண்டு: உறுதியில் எழுதிய மூன்று நோக்கத்தில் பத்திரிகை இல்லை. கொடையாளி பிள்ளையின் படிப்புக்கென்று தந்த காசு அது. அந்த நாளில் அது சரியான முடிவு. ஆனால் பின்னர் கொடையாளிகளிடம் தனியாகக் கேட்டு, தனிக் கணக்கில், ஒரு பத்திரிகை நிதி தொடங்கியிருக்கலாம். அப்படியொரு முயற்சி எடுக்கப்படவில்லை. எடுக்காததன் விலை அடுத்த ஆண்டு தெரிந்தது.

மாணவர் கொடுப்பனவும் அடிவாங்கியது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் 2022 செப்ரெம்பரில் 69.8 வீதம். 5,000 ரூபா பஸ்ஸுக்கும் கொப்பிக்குமே போதவில்லை. 24 மாதத்தை முன்கூட்டி வைப்பில் இடும் விதி உதவியை நிற்காமல் காத்தது. அதன் பெறுமதியைக் காக்கவில்லை. வைப்பு வட்டி உயர்ந்ததை மாணவருக்கே சேர்த்து 7,500 ஆக்கினார்கள்.

## 2023: நின்றுபோன குழாய்

பூநகரிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 2019இல் நீர் சுத்திகரிப்பு நிலையம் கட்டப்பட்டது. குழாய்க்கிணறு, மணல் வடி, கரி வடி, 5 மைக்ரோன் வடிகட்டி, பிறகு உப்பைப் பிரிக்கும் மென்சவ்வு. ஊர்ச் சங்கம் தண்ணீரை லீற்றர் 2 ரூபாவுக்கு விற்றது. திறப்பு விழா, கணக்கு ஒப்படைப்பு, முடிந்தது. அறக்கட்டளையின் ஆண்டறிக்கையில் நிலையம் தொடர்ந்து இயங்கிக்கொண்டிருந்தது.

உண்மையில் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் கூடியதும் சங்கத்தால் பட்டியல் கட்ட முடியவில்லை. அதற்கு முன்பே, மாதம் ஒருமுறை மாற்ற வேண்டிய வடிகட்டி காசில்லாமல் மூன்று நான்கு மாதம் கிடந்தது. வடி அடைத்து, கடின நீரின் சுண்ணாம்புப் படிவு சவ்வில் இறுகி, கழிவுநீர் கூடி நல்லநீர் குறைந்தது. ஒரு லீற்றருக்கு ஓடும் மின்சாரம் இதனால் இன்னும் கூடியது. ஐப்பசியில் பூட்டினார்கள். ஊரார் மீண்டும் பௌசரில் (தாங்கி வண்டியில்) வரும் தண்ணீருக்குக் காத்திருந்தார்கள்.

அறக்கட்டளைக்குத் தெரியவந்தது 2023 மார்ச்சில், ஐந்து மாதம் கழித்து. அதுவும் பழைய பத்திரிகை முகவர் ஒருவர் கலியாணவீட்டில் சொல்லித்தான். பத்திரிகை ஓடியிருந்தால் அது இரண்டாம் கிழமையே செய்தியாகியிருக்கும்.

வெளியீட்டாளர் அடுத்த கூட்டத்தில் தன் பழைய திரும்பல் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார் என்று குறிப்பேடு சொல்கிறது. பத்திரிகை பிடிக்காதவர் காசு கொடுக்க மாட்டார், திங்கட்கிழமை அது துண்டாக வந்து சேரும். இலவசமாக வாங்கியவர் எதையும் திருப்பி அனுப்பமாட்டார். குறை சொன்னால் அடுத்தது கிடைக்காது என்று பயப்படுவார். ஆகவே அறக்கட்டளைக்கு ஒருபோதும் திரும்பல் இல்லை, தலைவர் நன்றிக் கடிதங்களை மட்டும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

## திரும்பலுக்கு வழி செய்தது

முதலில் நிலையம். சவ்வு சித்திரிக் அமிலக் கரைசலில் கழுவப்பட்டது, பாதி மீண்டது, ஒன்று மாற்றப்பட்டது. லீற்றர் விலை ஊர்க்கூட்டத்தில் 4 ரூபாவாக்கப்பட்டு, அதில் 1 ரூபா தனிப் புத்தகத்தில் வடிகட்டிக்கும் சவ்வுக்குமாகச் சேர்கிறது. இயக்குபவர் ஒவ்வொரு ஞாயிறும் கரைந்த உப்பளவு காட்டும் கைமானியையும் மின்மானியையும் படமெடுத்துக் கணக்காளருக்கு அனுப்புவார். இரண்டு ஞாயிறு படம் வராவிட்டால் ஆள் போகும். படம் நன்றாக இருக்கிறதா என்பதைவிட, வந்ததா என்பதே முக்கியம்.

இரண்டாவது, கேள்வி கேட்கும் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அரசாலோ வெளிநாட்டு அரசாலோ சர்வதேச அமைப்பாலோ கணிசமாக நிதி பெறும் தொண்டு நிறுவனங்களையும் சேர்த்துக்கொள்கிறது. தனியார் காசில் ஓடும் இது அதற்குள் வராது. பத்திரிகையில் இருந்தபோது அச்சட்டத்தைக் கையில் வைத்து அலுவலகங்களைக் கேள்வி கேட்டவர்கள் இவர்கள். அதே 14 வேலைநாள் கெடுவைத் தாங்களாகவே ஏற்றார்கள். ஏன் எனக்கு இல்லை, அவருக்கு ஏன் என்று யாரும் கேட்கலாம், பெயரில்லாமலும் கேட்கலாம். பெயரில்லாத கேள்விக்கான பதில் மாதர் சங்கப் பலகையில் ஒட்டப்படும், பயனாளியின் பெயரும் அடையாளமும் நீக்கி.

மூன்றாவது, உதவியை நிறுத்தியவர்களிடம் போதல். படிப்பை இடையில் விட்ட மாணவர், மாட்டை விற்ற வீடு, கிணற்றை மூடியவர். ஒவ்வொரு காலாண்டும் பத்து வீடு. போகிறவர் தேர்வில் பங்கெடுக்காதவராக இருக்க வேண்டும், கையில் எதுவும் கொண்டுபோகக் கூடாது. தாதி இதை நடத்தினார். மாடு கொடுத்த மாதமே பிழை என்பது ஏழு ஆண்டு கழித்து இந்தச் சுற்றில்தான் முதன்முதலாக எழுத்தில் வந்தது.

## விளைவும் மாற்ற வேண்டியவையும்

2024இல் வெளியீட்டாளர் தலைமையை ஓய்வுபெற்ற அதிபரிடம் கொடுத்துவிட்டுப் பொறுப்பாளராக மட்டும் இருக்கிறார். வாழ்வாதார உதவி இப்போது இல்லை. கல்வியும் நீரும் தொடர்கின்றன. உள் கிராமங்களின் பங்கு பாதியைத் தொட்டது, ஆனால் அங்கே அதிபர்கள் அடிக்கடி மாறுவதால் எழுத்துப் பெறுவது இன்றும் இழுபறி. வருமானம் 2019 நிலைக்குத் திரும்பவில்லை.

மீண்டும் தொடங்கினால் வேறுவிதமாகச் செய்ய வேண்டியவை என்று பொறுப்பாளர்கள் ஏற்றவை சில. பத்திரிகைக் கணக்கில் நன்கொடை வந்த முதல் மாதமே தனிக் கணக்கு திறந்திருக்க வேண்டும், நான்கு ஆண்டு தாமதித்ததால் 2014–2017 காலத்துப் பற்றுவரவை யாராலும் முழுதாகப் பிரிக்க முடியவில்லை. இயந்திரம் எதைக் கொடுத்தாலும் முதல் மூன்று ஆண்டு இயக்கச் செலவை அதன் விலையோடு சேர்த்தே எண்ண வேண்டும். வரைபடத்தை முதலாம் ஆண்டே போட்டிருக்க வேண்டும்.

ஏற்காதது ஒன்றும் உண்டு. கூட்டக் குறிப்பை முழுமையாக வெளியிட வேண்டும் என்பது விவசாயப் போதனாசிரியரின் கோரிக்கை, அது இரண்டு தடவை தோற்றது. எங்கள் பார்வையில் அவர் சொல்வதே சரி.

அச்சு இயந்திரம் இன்னும் பரீட்சைத் தாள் அடிக்கிறது. வருடத்தில் ஒரு தடவை அதில் அறக்கட்டளையின் கணக்கு ஒற்றைத் தாளாக அச்சாகி, முன்பு கட்டு போன கடைகளுக்கும், இப்போது உள் கிராமங்களில் 18 கடைகளுக்கும் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலுமாகப் போகிறது. 400 தாள். எடுக்கப்படாதவற்றின் மேல் விளிம்பை வெட்டித் திருப்பி அனுப்பும்படி கடைக்காரர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கடைசித் தடவை 63 துண்டு வந்தது. அதில் 41, மூன்றே கடைகளிலிருந்து. அந்த மூன்று ஊருக்கும் தாதி போக வேண்டிய திகதி கொப்பியில் குறிக்கப்பட்டிருக்கிறது.